பத்து தடவ

எங்கள் வீட்டுச் சிவப்புப் பெட்டைக்கோழி என் வலது முழங்கையைக் கொத்தியபோது நான் அழுதிருக்க வேண்டும். சிரித்துவிட்டேன்.

கோழியின் மேல் குற்றமில்லை. என் கையில் தோளுக்குக் கீழிருந்து மணிக்கட்டு வரை ஒரு விரல் கனத்துக்கு உளுந்து மாவு அப்பியிருந்தது. முட்டை வெள்ளைக்கரு, மூசாம்பரம், கொஞ்சம் விளக்கெண்ணெய் எல்லாம் சேர்த்துக் குழைத்த பத்து அது. வெயிலில் காயவைப்பதற்காகக் கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். காய்ந்த ஓரங்கள் பொரிப்பொரியாக உதிர்ந்தன. கோழி முதலில் தரையில் விழுந்ததைத் தின்றது. பிறகு மூல இடத்துக்கே வந்துவிட்டது.

"மதினி! கோழி கொத்துது மதினி!"

"கொத்தட்டும்டி. நரம்பு முழிக்கும்" என்றார் மதினி, அடுப்படியிலிருந்தே.

மதினி என் வீட்டுக்காரரின் அக்காள். ஞானம்மாள் என்று பெயர். என் கை ஒடிந்த அன்றே சின்னமனூர்ப் பக்கத்திலுள்ள தன் ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர். அவர் இடுப்பில் என் மகள் திரேசா. ஒன்றே கால் வயது. கோழி கொத்துவதைப் பார்த்து அவளும் கை கொட்டிச் சிரித்தாள். அன்றைக்கு அந்த வீட்டில் சிரிக்காதது கோழி மட்டும்தான்.

மூட்டை தப்பியது

கை ஒடிந்த கதையைச் சொல்ல எனக்கு வெட்கம். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

ஆற்றில் துணி துவைத்துவிட்டுக் கரையேறினேன். களிமண் வழுக்கியது. எந்தப் பெண்ணும் மூட்டையை விட்டுவிட்டுக் கையை ஊன்றியிருப்பாள். நானோ, துவைத்த துணி மண்ணில் படக்கூடாது என்று மூட்டையை இடக்கையால் உயரப் பிடித்துக்கொண்டு வலது முழங்கை மேல் விழுந்தேன். துணியில் ஒரு பொட்டு மண் இல்லை. அதை நான் எல்லாரிடமும் சொன்னேன். யாரும் மெச்சவில்லை.

உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் எலும்பு கட்டுவதில் பெயர் பெற்றவர். அவர் வந்து மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். நன்றாகவே கட்டினார். நாற்பதாம் நாள் அவிழ்த்து, "எலும்பு கூடிருச்சு ஆத்தா. இனிமே கைய வேலை வாங்குறது ஒம்பாடு" என்று சொல்லிப் போனார்.

கைதான் வேலை செய்ய மறுத்தது. கட்டுக்குள் எப்படி மடங்கி இருந்ததோ, அப்படியே சட்டமாக நின்றது. நீட்ட முடியவில்லை. மேலும் மடக்கவும் முடியவில்லை. நெஞ்சுக்கு முன்னால், யாரிடமோ எதையோ வாங்கக் காத்திருப்பது போல ஒரு கை.

அந்தக் கையால் என் வாய்க்குச் சோறு கொண்டுபோக முடியாது. இடக்கையால் உண்ண மதினி விடமாட்டார். ஆகவே திரேசாவுக்கு ஒரு வாய், எனக்கு ஒரு வாய் என்று ஒரே வட்டிலில் பிசைந்து ஊட்டினார். "ரெண்டு புள்ளைகளும் நல்லாத் திங்குதுக" என்று தெருவில் போகிறவர்களிடம் சொல்லுவார். எனக்கு அப்போது இருபத்தொரு வயது.

கோயிலில் சிலுவை வரைவது இன்னும் மோசம். கை நெற்றிக்கு வராது. ஆகவே நெற்றியைக் கையிடம் கொண்டுபோவேன், வெடுக்கென்று குனிந்து. இதைப் பார்த்துப் பார்த்துத் திரேசாவும் சிலுவை வரையக் கற்றுக்கொண்டாள். மூடிய கையை நெஞ்சருகே வைத்துக்கொண்டு, தலையால் அதை ஒரு முட்டு முட்டுவாள். ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் அதைப் பழகிவிட்டார்கள். சுவாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கவனித்துவிட்டு வெகுநேரம் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

தூக்கு

இதையெல்லாம் சிரித்துத் தள்ளிவிடலாம். ஒன்றை மட்டும் முடியவில்லை. என்னால் என் பிள்ளையைத் தூக்க முடியவில்லை.

ஆரம்பத்தில் அவள் என் முன்னால் நின்று இரண்டு கையையும் உயர்த்துவாள். நான் உட்கார்ந்து மடியில் வாங்கிக்கொள்வேன். அவளுக்கு அது போதவில்லை. நின்றபடி தூக்க வேண்டும், இடுப்பில் ஏற வேண்டும், தெருவைப் பார்க்க வேண்டும். சில வாரங்களில் என்னிடம் கை உயர்த்துவதை நிறுத்திவிட்டாள். மதினியைப் பார்த்தால் மட்டும் இரண்டு கைகளும் தாமாக எழும்பும்.

பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், பலனில்லாத இடத்தில் கேட்கமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். பிறகு, இதற்குப் போய் வருந்துகிற தாய் தன்னலக்காரியோ என்று சந்தேகம் வரும். பிறகு, வருந்தாத தாய் என்ன தாய் என்று தோன்றும். இந்த மூன்றையும் சுற்றிச் சுற்றி வருவதிலேயே எனக்குப் பாதிப் பொழுது போய்விடும்.

என் வீட்டுக்காரர் அப்போது மலைமேல் அணை வேலையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அட்டைக்கடித் தழும்புகளுடன் இறங்கி வருவார். ஒருமுறை வந்தபோது சொன்னார்:

"கல்லறைத் திருநாளுக்குள்ள அக்கா ஊருக்குப் போகணும்ங்குது. அதுக்குள்ள ஒனக்குக் கை சரியாகலைன்னா, புள்ளைய அக்கா கூட அனுப்பிருவோம். கொஞ்ச நாளைக்குத்தான்."

"எத்தனை நாளைக்கு?"

"நீ தூக்குற வரைக்கும்."

அவர் கொடுமைக்காரர் இல்லை. தனியாக வீட்டில் நான் பிள்ளையையும் கிணற்றையும் அடுப்பையும் ஒற்றைக் கையால் எப்படிச் சமாளிப்பேன்? நியாயமான பேச்சு. நியாயமாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மதினிக்குப் பிள்ளை இல்லை. அவர் ஊர்க் கல்லறையில் இரண்டு சின்னக் குழிகள் உண்டு. திருநாளன்று அங்கே மெழுகுவர்த்தி ஏற்றாமல் அவர் இருக்கமாட்டார். அதனால் நாளைத் தள்ளிப்போடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

படித்தவள் படித்தது

கட்டு அவிழ்த்த மறுவாரமே உத்தமபாளையத்து ஆஸ்பத்திரிக்கு மதினியோடு போயிருந்தேன். அங்கே காயத்துக்குக் கட்டுப் போடுகிற ஒரு டிரெஸ்ஸர். திருவாங்கூர்க்காரர். மலைமேல் அணை வேலையில் கைகால் முறிந்த கூலிகளைப் பார்த்த ஒரு துரை டாக்டரிடம் சில வருஷம் இருந்தவர். என் கையைப் பிடித்து, மடக்கி, ஏதேதோ காட்டினார். நான் பார்க்கவில்லை. திரேசா ஒரு மருந்துப் புட்டியின் தக்கையை வாயில் போட்டிருந்தாள். நான் தக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் எழுதித் தரும். அதுபோலெ செய்யணும்" என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் மதினி, "படிச்சவ நீதானே, வாசி" என்றார். மதுரையில் கன்னியர் மடத்தில் ஏழு வருஷம் படித்தவள் நான். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தேன்:

"வெந்நீர் ஒத்தடம். பின்னே, காலை பத்து தடவ. மாலை பத்து தடவ. மெல்ல. பயம் வேண்டாம்."

"என்ன பத்துன்னு போடலையா?"

"போடலை மதினி."

"அப்ப நம்ம பத்துதான்" என்று மதினி உளுந்தை ஊறப்போட்டார்.

மூன்று வாரம். காலையில் பத்து, மாலையில் பத்து. மெல்லத்தான் தடவினோம். பயமும் படவில்லை. ஒவ்வொரு நாளும் காய்ந்த பத்து கையை இன்னும் இறுக்கிப் பிடித்தது. மருந்து வேலை செய்வதாக நாங்கள் மகிழ்ந்தோம்.

கோழி கொத்திய மறுநாள் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டிரெஸ்ஸர் என் கையைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"எந்தா அம்மா இது? கையில மதில் கெட்டியிருக்கோ?"

"நீங்க எழுதுனபடிதான்" என்றேன். சீட்டை நீட்டினேன்.

அவர் சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு விரல்களை விரித்தார். "பத்து! ஒண்ணு, ரெண்டு, மூணு... பத்து! பத்து தடவ மடக்கணும், நீட்டணும்! எண்ணணும் அம்மா, எண்ணணும்!"

"எண்ணெயும் விட்டுத்தான்யா கொழைச்சோம்" என்றார் மதினி, விட்டுக்கொடுக்காமல்.

டிரெஸ்ஸர் சுவரில் சாய்ந்துகொண்டார். அவர் தோள்கள் குலுங்கின. நான் முதலில் செத்துவிடலாம் என்று நினைத்தேன். அப்புறம் எனக்கும் வந்துவிட்டது. சிரிப்பில் என் கை குலுங்கி, முழங்கைப் பத்து குறுக்கே வெடித்து, ஒரு பெரிய துண்டு அவர் மேசைமேல் தொப்பென்று விழுந்தது. மதினி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "நல்ல உளுந்து" என்றார்.

'தடவை' என்று ஐகாரம் போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவர் மலையாளத்துக்காரர். ஏழு வருஷம் இலக்கணம் படித்தவள் நான் அல்லவா யோசித்திருக்க வேண்டும்? 'பத்து' என்றதும் எண்ணிக்கை ஏன் மனசில் வரவில்லை? இதை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகும்.

இரண்டு வலி

வெந்நீரில் பத்தைக் கரைத்தெடுத்த பிறகு என் கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. டிரெஸ்ஸர் அதை மேசைமேல் ஒரு துணிச் சுருளில் வைத்தார். இந்த முறை நான் கண்ணிமைக்கவில்லை. தக்கை மதினியின் பொறுப்பு.

"வலி ரெண்டு ஜாதி" என்றார். "இழுக்கிற வலி ஒண்ணு. நிறுத்தினா நின்னுபோகும். அது நல்ல வலி, அதோட சண்டை வேண்டாம், கூட நடக்கணும். குத்துற வலி வேற. அது நிறுத்தினாலும் நிக்காது, வீங்கும். அது வந்தா உடனே மதி."

மதி என்றால் அவர்கள் பாஷையில் போதும் என்று அர்த்தம்.

"நாங்க பிடிச்சு இழுத்து விடலாமா?" என்றார் மதினி. அவர் கைகள் தயாராக இருந்தன.

"வேண்டா! முழங்கை முன்கோபி. வேற ஆள் இழுத்தா இன்னும் இறுகும். அவங்க கைய அவங்களேதான் அசைக்கணும். கொஞ்சம் கொஞ்சம், பல தடவை." கடைசிச் சொல்லை என்னைப் பார்த்து அழுத்திச் சொன்னார். "நல்ல கை கெட்ட கையெ மெல்ல இழுத்துக்கொண்டு போகட்டும்." ஒரு துண்டை ஜன்னல் கம்பியில் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்து, ஒன்றை இழுத்தால் மற்றது முன்னே போவதைக் காட்டினார்.

மதினி கூர்ந்து பார்த்தார். "இதுக்கு எதுக்குய்யா ஆஸ்பத்திரி? இது மோரு கடையுறது!"

டிரெஸ்ஸர் துண்டை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். அவர் முகம் மலர்ந்தது. "அதே! அதேதான் அம்மா!"

மடத்தில் படித்தபோது சிஸ்டர் எங்களை வரிசையாக நிறுத்தி டிரில் செய்ய வைப்பார். கையை மேலே, பக்கத்தில், கீழே. விருந்தாளிகள் வந்தால் காட்டுவதற்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். கை என்பது அசைந்துகொண்டே இருந்தால்தான் கை என்று அந்த அம்மாள் எங்களுக்குச் சொல்லவேயில்லை. ஒருவேளை சொல்லியிருப்பார். நான் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

தெருவுக்கெல்லாம் மோர்

எங்களுக்கு ஒரே பசு. அதன் தயிர் ஒரு நாளைக்கு ஒரு கடைசலுக்குத்தான் வரும். நானோ காலை, மதியம், மாலை கடைய வேண்டியவள். மதினி தெருவில் சொல்லிவிட்டார். மறுநாளிலிருந்து பானை பானையாகத் தயிர் வந்தது.

தூணருகே உட்கார்ந்து மத்தில் கயிற்றைச் சுற்றி இரண்டு முனையையும் பிடிப்பேன். இடக்கை இழுக்கும். வலக்கை முனகிக்கொண்டே முன்னே போகும். முதல் நாள் அது நகர்ந்தது நெல்லளவு. மதினி திரேசாவை மடியில் வைத்துக்கொண்டு எண்ணுவார். "ஒண்ணு... ரெண்டு... பல்லைக் கடிக்காத... மூணு... மூச்சு விடுடி!"

பத்து ஆனதும் திரேசா கைதட்டுவாள். அந்தக் கைதட்டலுக்காகவே கடைந்தேன்.

என் அளவுகோல் என் முகம்தான். எட்டாம் நாள் நடுவிரல் கழுத்தெலும்பைத் தொட்டது. பிறகு மோவாயை. ஒரு மத்தியானம் சோற்றுருண்டை நேராக வந்து மூக்கில் இடித்தது. இன்னும் மூன்று நாளில் வாய்க்குள் போயிற்று. வெறும் மோர்ச் சோறு. நான் வட்டிலோடு எழுந்து வீட்டைச் சுற்றி ஓடினேன். திரேசா பின்னால் தத்தித் தத்தி வந்தாள். "ஏ புள்ள, உக்காந்து தின்னுடி, பேய் புடிச்சவளே!" என்று மதினியும் ஓடினார்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஒருநாள் எட்டு எண்ணியதும் மதினி கயிற்றைப் பிடித்து நிறுத்தினார். "போதும்டி."

"இன்னும் ரெண்டு இருக்கே?"

"மூஞ்சி கோணுது. இது குத்துற வலி. மதி."

நான் நிறுத்தினேன். ஆனால் மனசுக்குள் ஒரு சின்னப் பாம்பு தலை தூக்கியது. என் கை சரியாகாவிட்டால் பிள்ளை இவருடன் அல்லவா போகும்? அன்று சாயந்திரம் முழங்கை வீங்கிவிட்டது. மதினி சொன்னதுதான் சரி. மேலும் இரண்டு கடைந்திருந்தால் ஒரு வாரம் பின்னால் போயிருப்பேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது அவரேதான்.

பாவங்களை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். சுவாமியார், "எத்தனை முறை அப்படி நினைத்தாய்?" என்று கேட்டார்.

"பத்துத் தடவை இருக்கும் சுவாமி" என்றேன். சொன்ன வாய்க்குள்ளேயே எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அதற்கும் சேர்த்து அபராதம் கிடைத்தது.

வண்டி

ஐப்பசி மழையில் பாதை சேறாகியிருந்தது. மடக்குவது முக்கால்வாசி சரியாகிவிட்டது. கை நெற்றிக்கு வந்தது. தலை வாரிக்கொண்டேன். ஆனால் நீட்டுவது மட்டும் கடைசியில் நாலு விரற்கடை பாக்கி நின்றது. தரையில் நிற்கிற பிள்ளையைத் தூக்க அந்த நாலு விரற்கடை வேண்டும்.

மதினி புறப்படுகிற காலையில் என் வீட்டுக்காரர் வந்திருந்தார். "தூக்கிப் பாரேன்" என்றார். முயன்றேன். இடக்கை அக்குளில் போயிற்று. வலக்கை எட்டவில்லை. திரேசா கோணலாகச் சறுக்கி உட்கார்ந்துவிட்டாள். எங்கே பிள்ளையோடு நான் மறுபடி விழுந்துவிடுவேனோ என்று என் கை எலும்புக்குள்ளேயே சுருண்டுகொண்டது.

"ஒரு மாசம் அங்கன இருக்கட்டும்" என்றார் அவர், மெதுவாக.

நான் தலையாட்டினேன். அவளுடைய சட்டைகளை நானே மடித்துத் துணிமூட்டை கட்டினேன். நன்றாகவே முடிந்தேன், இரண்டு கையாலும்.

மதினி திரேசாவுடன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். வண்டிக்காரன் மாட்டைப் பூட்டினான். நான் பின்பக்கம் சேற்றில் நின்றேன். தைரியமாகச் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

திரேசா என்னைப் பார்த்தாள். மாட்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நான் வண்டிக்குள் இல்லை என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது போல. மதினியின் மடியில் எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் என்னை நோக்கி உயர்த்தினாள்.

அத்தனை மாதங்களுக்குப் பிறகு.

மதினி அவளைப் பிடித்திருந்தார். பிடித்தே வைத்திருக்கலாம். என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு அவளை இரண்டு கையாலும் எடுத்து, வண்டிக்கு வெளியே, சேற்றுக்கு மேலே, ஆகாயத்தில் நீட்டினார்.

"வாங்குடி!" என்றார்.

யோசிக்க நேரமில்லை. யோசிக்க நேரமிருந்தால் நான் யோசித்திருப்பேன். என் இரண்டு கைகளும் முன்னே போய்விட்டன. வலது முழங்கையில் ஒரு நீண்ட இழுப்பு, நல்ல ஜாதி வலி, கடைசி நாலு விரற்கடையும் திறந்துகொண்டது. திரேசாவின் அக்குள் என் உள்ளங்கைகளில் சூடாக உட்கார்ந்தது. கனம் முழுவதும் என் மேல் வந்தது. மடக்கினேன். இடுப்பில் ஏற்றினேன். அவள் என் காதைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

"அக்கா, இப்ப என்ன செய்ய..." என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"ஏலே, வண்டிய ஓட்டுலே!" என்று மதினி வண்டிக்காரனை ஒரு சத்தம் போட்டார். "மழை வருது, தெரியல?"

மழையும் இல்லை, மேகமும் இல்லை. வண்டி குலுங்கிப் புறப்பட்டது. மதினி திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முதுகு மட்டும் ஆடிக்கொண்டே போயிற்று.

பத்து வீடு தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையின் சட்டை, பாவாடை, குல்லா எல்லாம் மூட்டையோடு அந்த வண்டியில் போகின்றன!

"மதினி! துணி! மதினீ!" என்று சேற்றில் ஓடினேன். பிள்ளை இடுப்பில் குதித்துக் குதித்துக் கெக்கலித்தாள். ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இப்படியும் ஓடுவாளா என்று தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. மதினி இப்போது திரும்பினார். நான் என்ன கத்துகிறேன் என்று அவருக்குக் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, போ போ என்று கையை ஆட்டினார்.

நான் நிற்கவில்லை. ஊர்ச் சாவடியருகே வண்டி திரும்பும் வரை அவளைத் தூக்கிக்கொண்டே ஓடினேன். வண்டியைப் பிடிக்க அல்ல என்பது பாதி வழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.